ஐந்து குழாய்களின் திறப்பு விழா

எல்லாம் பெயர் வைத்ததில் வந்த வினை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, இரத்தப் புற்றுநோய் ஓர் உடம்பில் எப்படி ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக அந்த மருத்துவ நிறுவனத்தின் ஏழாவது மாடியில் ஒரு துறை உண்டானது. துறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை, ஒரு ஃப்ரீசர், ஒரு டாக்டர். துறைக்கு என்ன பெயர் வைப்பது என்று டாக்டரின் வீட்டில் ஒரு சின்னச் சண்டையே நடந்தது. அவருடைய கணவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். ஊரில் இருக்கும் எழுத்துப் பிழையெல்லாம் தன் தலையில் விழுந்த பழி என்று நினைக்கிற மனிதர்.

“தோற்றம்னு வை. இரத்தப் புற்றுநோய்த் தோற்ற ஆய்வுத் துறை. சுத்தமா இருக்கும்.”

“தோற்றம், மறைவுன்னு ரெண்டு தேதி போட்டு நடுவுல ஃபோட்டோ ஒட்டற மாதிரி இருக்குங்க. வர்றவங்க வாசலைப் பார்த்தே ஓடிடுவாங்க. நான் தொடக்கம்னு வைக்கிறேன்.”

“தொடக்கம்னா ரிப்பன் வெட்டற மாதிரி இருக்குமே?”

“அந்த அளவுக்கு முட்டாளா யாரும் இருக்க மாட்டாங்க,” என்றார் டாக்டர்.

பாவம், அவருக்கு அப்போது முப்பத்தாறு வயதுதான்.

அவர் காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். மதியத்துக்கு மேல் நுண்ணோக்கியில் செல்களைப் பார்ப்பார். வெளியுலகத்தில் இப்படிப்பட்டவரை இரண்டு வேலை தெரிந்தவர் என்பார்கள். நிறுவனத்திலோ அவருக்கு இரண்டு வருகைப் பதிவேடு. மருத்துவர்கள் பதிவேட்டில் தினமும் பிற்பகல் வரவில்லை. விஞ்ஞானிகள் பதிவேட்டில் தினமும் முற்பகல் வரவில்லை. அரை நாளும் அரை நாளும் சேர்ந்தால் ஒரு நாள் அல்லவா? ஆக, ஏட்டின்படி அவர் பத்தொன்பது வருஷமாக ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை. விளக்கம் கேட்டு வருஷா வருஷம் கடிதம் வரும். அவரும் மாங்கு மாங்கென்று விளக்கம் எழுதுவார். வராத ஆள் எழுதிய கடிதத்தை வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லை என்று அது அப்படியே திரும்பி வரும். முதல் சில வருஷம் கோபப்பட்டார். பிறகு விட்டுவிட்டார்.

வேலை என்னவோ நடந்தது. இந்த நோய் கண்ணில் படுகிற அன்றைக்கு வருவதில்லை. பல வருஷம் முன்னாடியே எலும்பு மஜ்ஜைக்குள் ஏதோ ஒரு செல் தடம் மாறுகிறது. சத்தம் போடாமல் தன்னைப் போலவே பத்து, நூறு, ஆயிரம் என்று பெருக்கிக்கொள்கிறது. ஆளோ சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். அந்த முதல் செல் எந்த வருஷம் மாறியது என்று பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதற்காக டாக்டர், நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர்களில் மனமுவந்து வந்தவர்களிடமிருந்து வருஷத்துக்கு ஒரு முறை இரத்தம் வாங்கி, விரல் நீளக் கண்ணாடிக் குழாய்களில் உறைய வைத்திருந்தார். நோய் வந்தவர் இரத்தத்தைச் சேர்த்து வைக்க யாராலும் முடியும். வருவதற்கு முன்னால் சேர்த்து வைத்தவர் இவர் ஒருவர்தான். ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு இரண்டு குழாய் என்று வைத்திருந்ததை, ஒரே பொருள் இரு முறை இருப்பது இரட்டைப் பதிவு என்று சொல்லித் தணிக்கைக்காரர்கள் ஒரு செட்டை அள்ளிக் கொட்டிவிட்டார்கள். மிஞ்சியது ஒற்றைக் குழாய்கள்.

அந்தக் குழாய்களில் ஐந்து, நிறுவனத்து லிஃப்ட்காரருடைய அண்ணனுடையவை.

அண்ணன், தம்பி இருவரும் அங்கே பராமரிப்புப் பிரிவில் பிளம்பர்கள். கீழ்த்தளத்தில், ஆய்வகங்கள் கொட்டும் பழைய மருந்துத் திரவங்கள் சேர்கிற ஒரு தொட்டி உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஓர் ஆள் நாள் பூரா உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு வருஷம் அது தம்பியின் முறை. தம்பிக்கு அன்றைக்கு ஒரு படம் பார்க்க வேண்டியிருந்தது. காய்ச்சல் என்று சொன்னார். அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. “போடா, நான் பாத்துக்கறேன்,” என்று அவரே இறங்கினார். சாயந்திரம் கண் சிவந்து, இருமிக்கொண்டே ஏறி வந்தார். மூன்று வருஷம் கழித்து அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. எட்டு மாதம் இருந்தார்.

தம்பி பிளம்பர் வேலையை விட்டுவிட்டு லிஃப்டுக்கு மாறிக்கொண்டார். எல்லா மாடிக்கும் அவரே பொத்தானை அழுத்துவார், கீழ்த்தளத்துக்கு மட்டும் மாட்டார். போகிறவர்களே அழுத்திக்கொள்ள வேண்டும்.

டாக்டர் தினமும் அந்த லிஃப்டில்தான் ஏழாவது மாடிக்குப் போவார். ஆறு வருஷமாக, உள்ளே வேறு யாரும் இல்லாத நாட்களில், லிஃப்ட்காரர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“அம்மா, அண்ணன் உங்ககிட்ட அஞ்சு தடவை ரத்தம் கொடுத்தாரு. தொட்டியில இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு, அப்புறம் மூணு. முன்னாடி கொடுத்ததுலயே அந்தச் செல்லு இருந்துச்சா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்மா.”

“ஒரு நாள் தொட்டிக்குள்ள இறங்கினதால வர்றதில்லைங்க தம்பி இது. எத்தனை தடவை சொல்றேன்.”

“நீங்க நல்லவங்க. அப்படித்தான் சொல்வீங்க. பார்த்துச் சொல்லுங்க.”

பார்த்துச் சொல்வதற்கான இயந்திரம் அதுவரை அங்கே இல்லை. இந்த வருஷம்தான் வந்தது. டாக்டர் லிஃப்டில் ஏறியதும் வணக்கம்கூடச் சொல்லாமல், “தம்பி, மெஷின் வந்தாச்சு!” என்றார். லிஃப்ட்காரர் ஏழுக்குப் பதிலாக நாலை அழுத்திவிட்டார்.

இனி ஒரே ஒரு தாள் பாக்கி. உறைய வைத்த குழாயைத் திறக்க அனுமதி வேண்டும். டாக்டர் எழுதினார்: ‘ஐந்து குழாய்களைத் திறக்க அனுமதி கோருதல்.’ வராத ஆள் என்பதால் தன் பெயரைப் போடாமல் துறை முத்திரையை மட்டும் குத்தினார். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டார்.

மனு நேரே பராமரிப்புப் பிரிவுக்குப் போயிற்று. மூன்றாம் வாரம் பதில் வந்தது: ‘தங்கள் மாடியில் உள்ள ஐந்து குழாய்களும் திறந்து பார்க்கப்பட்டன. தண்ணீர் நன்றாக வருகிறது. ஒன்றில் மட்டும் ஒழுகல்.’

டாக்டர் மறுபடி எழுதினார். இது தண்ணீர்க் குழாய் அல்ல, கண்ணாடிக் குழாய், உள்ளே இருப்பது இரத்தம் என்று அடிக்கோடு போட்டு எழுதினார். மனுவில் திறப்பு, முத்திரையில் தொடக்கம், இரண்டையும் ஒன்றாகப் பார்த்த தபால் பிரிவுக்கு அப்போதுதான் விஷயம் பளிச்சென்று விளங்கியது. மனுவை விழா அலுவலரிடம் அனுப்பிவிட்டார்கள்.

இயக்குநரும் அந்த மாதமே ஓர் ஆணை போட்டார். ‘நிறுவனத்தின் சகல தொடக்கங்களும் இனி தொடக்கத் துறையின் பொறுப்பு.’ மறுநாள் ஏழாவது மாடிக்குச் சிவப்பு ரிப்பன் எட்டுக் கட்டு, கத்தரிக்கோல் ஒரு டஜன், வெல்வெட் தட்டு இரண்டு வந்து இறங்கின. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு இயக்குநரைப் பார்க்கப் போனார்.

“சார், நாங்க பார்க்கிறது நோயோட தொடக்கம்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். உட்காருங்க. ஒரு விஷயம் எப்படி முடியுதுன்னு பார்க்க ஆளே வேண்டாம் டாக்டர், அது தானா முடிஞ்சிடும். தொடங்கறதுதான் கஷ்டம். நான் வந்து நாலு வருஷத்துல இருநூத்திப் பன்னிரண்டு திட்டம் தொடங்கி வெச்சிருக்கேன். ஒண்ணாவது முடிஞ்சிருக்கா சொல்லுங்க?”

“இல்லை சார்.”

“அதுதான் வளர்ச்சி! முடிஞ்சு போறதுக்கா நாம இவ்வளவு பாடுபடறோம்?”

“சார், அந்த அஞ்சு குழாய் திறக்கிற அனுமதி...”

“உங்க ஒத்துழைப்பைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்.”

ஒத்துழைத்தார். வேறு வழி? ஒரு கையெழுத்துக்காக, ஐம்பத்தைந்து வயதில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ரிப்பன் கட்டினார். மாடிப்படிக் கைப்பிடிக்குக் கட்டினார். கணக்குப் பிரிவுக்கு வந்த ஒரு நாற்காலிக்குக் கட்டினார். ஒரு நாள், ஓடிக்கொண்டிருந்த லிஃப்டையே நிறுத்தி மறுபடி தொடங்கி வைத்தார்கள். நிறுத்தியதில் உள்ளே எட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை வெளியே விடுவதைத் தனி விழாவாக வைத்துக்கொள்ளலாமா என்று விழா அலுவலர் கொஞ்ச நேரம் யோசித்தார். வெளியே நோயாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எங்கே என்று கேட்டவர்களுக்கு, தொடங்கப் போயிருக்கிறார் என்று பதில் சொல்லப்பட்டது.

“ஏம்மா இந்தக் கூத்துக்கெல்லாம் போறீங்க?” என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

“கையெழுத்து வேணுமே தம்பி.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “என்னாலதானே,” என்றார். அவருக்கு எதுவானாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

நாலாவது மாதம் விழா அலுவலர் ஏழாவது மாடிக்கே வந்துவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் திறப்பு விழாவாகத்தான் திறக்க முடியும் என்றார். மேடை, சிறப்பு விருந்தினர், கல்வெட்டு.

“குழாய் எவ்வளவு பெரிசு?”

டாக்டர் விரலைக் காட்டினார்.

“கடைசி வரிசைக்குத் தெரியாதே,” என்று விழா அலுவலர் நிஜமாகவே கவலைப்பட்டார். “உள்ளே இருக்கிற ரத்தம்?”

“சில சொட்டு. இதைக் கேளுங்க, தயவு பண்ணி எழுதிக்குங்க. அஞ்சும் பெட்டிக்குள்ள மூடியேதான் இருக்கணும். காட்டலாம், தொடக்கூடாது. திறக்கிறது நான்தான், இங்கே, என் ஆய்வகத்துல. ஒண்ணோட ஒண்ணு கலந்துடவே கூடாது. கலந்தா எல்லாம் போச்சு.”

“எழுதிக்கிட்டேன்,” என்றார் அவர். எழுதிக்கொண்டதும் உண்மை. நிகழ்ச்சி நிரலை அச்சடித்தபோது, நீளமாக இருக்கிறது என்று ‘கூடாது’க்களை எடுத்துவிட்டார்கள்.

அன்று வீட்டில் டாக்டர் நிரலைக் கணவரிடம் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். “ஏழாவது நிகழ்ச்சி, ‘ஐந்து குழாய்களை ஒருங்கிணைத்தல்’. இது என்ன?”

“எல்லாத்தையும் ஒரே தட்டுல வெச்சுக் காட்டுவாங்களா இருக்கும்.”

“ஒருங்கிணைத்தல்னா அப்படி அர்த்தம் இல்லையே,” என்றார் கணவர்.

“உங்களுக்கு எதுலயும் பிழைதான்,” என்று டாக்டர் சலித்துக்கொண்டார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னும் இதே மனிதர், இதே மூக்குக்கண்ணாடி. கேட்டிருக்கலாம்.

விழா நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. நோயாளிகளைச் சக்கர நாற்காலியோடு கொண்டுவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். டாக்டருக்கு மேடையில் இடமில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் நாற்காலி போட்டார்கள், பதிவேட்டின்படி அவர் வரவில்லை. ஒன்பதாவது வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். வெல்வெட் தட்டு பிடிக்கச் சுத்தமான சீருடைக்காரர் வேண்டும் என்று லிஃப்ட்காரரை மேடையில் ஏற்றியிருந்தார்கள். பெட்டியிலிருந்து குழாய்களை எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தார்கள். உறைந்திருந்தவை விளக்குச் சூட்டில் வியர்க்கத் தொடங்கின.

இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். சிறப்பு விருந்தினர் எழுந்தார். எந்தத் துறைக்கும் பொருத்தமானவர் என்பதால் எல்லா விழாவுக்கும் வருகிறவர்.

“நான் மருத்துவம் படிச்சவன் இல்லை. அதனாலதான் எனக்கு இது தெளிவாப் புரியுது,” என்று ஆரம்பித்தார். கைதட்டல். “இதோ அஞ்சு குழாய். அஞ்சு வருஷத்து ரத்தம். ஒரு மனுஷனோட ரத்தத்தை ஏன் இப்படிப் பிரிச்சு வெச்சிருக்கோம்? பிரிவினை எங்கேயிருந்து தொடங்குது? இங்கேயிருந்துதான்! அஞ்சும் தனித்தனியா இருந்தா அஞ்சு வருஷம். ஒண்ணாச் சேர்த்துட்டா? ஒரே வருஷம்! அஞ்சு வருஷத்து ஆராய்ச்சியை இன்னைக்கு அஞ்சே நிமிஷத்துல முடிக்கப் போறோம்!”

விழா அலுவலர் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். கடைசி வரிசைக்கும் நன்றாகத் தெரிந்தது.

டாக்டர் எழுந்து, “வேண்டாம்! ஊத்தாதீங்க! வேண்டாம்!” என்று கத்தினார். கத்திக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே ஓடினார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துப் பக்கத்து வரிசையும் எழுந்து நின்றது. அதைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மேடையில் லிஃப்ட்காரர் தட்டைப் பின்னால் இழுத்தார். இயக்குநர் சிரித்த முகத்தோடு தட்டின் மறு ஓரத்தைப் பிடித்து, “நேராப் பிடிப்பா, ஃபோட்டோ எடுக்கிறாங்க,” என்றார். விருந்தினர் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று ஒவ்வொன்றாகத் திறந்து கிண்ணத்தில் கவிழ்த்தார். கூட்டமும் கூடவே எண்ணியது.

டாக்டர் மேடையை அடைந்தபோது தேசலாகக் கொஞ்சம் சிவப்பு, கிண்ணத்தின் அடியில் கிடந்தது. அவரை மேடையேற விடவில்லை. கிண்ணத்தை மட்டும் விழா முடிந்து கொடுத்தார்கள், ரிப்பனோடு.

ஏழாவது மாடியில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து, முகம் கழுவி, அந்தக் கொஞ்சத்தை எடுத்து இயந்திரத்தில் வைத்தார். எதற்கு வைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, கை பழகிவிட்டது. இரண்டு நாளில் முடிவு வந்தது. தடம் மாறிய செல் இருக்கிறது. இல்லாமல் எப்படி இருக்கும்? கடைசிக் குழாயில் இருந்தாலே போதும், கலவையில் தெரியும். தொட்டிக்கு முந்திய இரண்டாவதில் இருந்ததா என்பதை இனி எந்த இயந்திரத்தாலும் சொல்ல முடியாது.

அன்று மாலை லிஃப்டில் அவர்கள் இருவர்தான். கதவு மூடியது. லிஃப்ட்காரர் பொத்தானை அழுத்தவில்லை.

டாக்டர் நோயாளிகளிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. “தம்பி, பார்த்துட்டேன்,” என்றார். “ரெண்டாவது குழாய்லயே இருந்துச்சு. தொட்டிக்கு ஒரு வருஷம் முன்னாடியே. உங்களால இல்லை.”

லிஃப்ட்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

“அம்மா, அஞ்சையும் அந்த விருந்தினர் ஊத்தினப்ப தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு நினைக்கிறீங்க?”

டாக்டர் தானே பொத்தானை அழுத்தக் கை நீட்டினார்.

“தொட்டிக்கும் நான்தான் அனுப்பினேன். தட்டையும் நான்தான் பிடிச்சேன். எனக்கு அப்படியே அமையுது பாருங்க,” என்று சொல்லிவிட்டுத் தரைத்தளத்துக்கு அழுத்தினார்.

அடுத்த வாரம் கல்வெட்டு வந்தது. லிஃப்டுக்கு நேர் எதிரே, தரைத்தளச் சுவரில், கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் பதித்தார்கள். முதலில் எழுதிக் கொடுத்தது ‘இரத்தப் புற்றுநோய்த் தொடக்க ஆய்வு தொடங்கி வைக்கப்பட்டது’ என்றுதான். தொடக்கம் இரு முறை வருகிறதே, இரட்டைப் பதிவு என்று விழா அலுவலர் ஒன்றை எடுத்துவிட்டார். எடுக்கும்போது கூடவே ஆய்வும் போய்விட்டது. மிச்சம் இப்படி நின்றது:

‘இரத்தப் புற்றுநோய், இந்நிறுவனத்தில், சிறப்பு விருந்தினர் அவர்களின் பொற்கரங்களால் இனிதே தொடங்கி வைக்கப்பட்டது.’

கீழே நாள், மாதம், வருஷம்.

மனைவியைக் காலையில் கொண்டுவிட வந்த மெய்ப்புத் திருத்துபவர் அதை மூன்று தடவை வாசித்தார். “இதுல எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லையே,” என்றார் மெதுவாக.

டாக்டர் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களைக் கூப்பிட்டாவது அதைப் பெயர்த்துவிட வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட்காரர் வெளியே வந்து, ஒரு துணியால் கல்லின் அடிவரியை மட்டும் துடைத்தார். தேதியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“அம்மா, தேதி போட்டிருக்காங்க.”

“விடுங்க தம்பி. நான் எழுதிக் கொடுத்து இதை எடுக்கச் சொல்றேன்.”

“எடுக்க வேண்டாம்மா. அண்ணன் தொட்டியில இறங்கிப் பத்து வருஷம் ஆச்சு. செத்து ஆறு வருஷம் ஆச்சு. இங்கே போன வாரம்தான் தொடங்குச்சுன்னு கல்லுல இருக்கு.” அவர் துணியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “அப்ப நான் அனுப்பினதால இல்லை. ரெக்கார்டு சொல்லுது.”

சிரிப்பார் என்று டாக்டர் காத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. லிஃப்டுக்குள் போய் நின்று, “வாங்கம்மா, ஏழுதானே?” என்றார்.